ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு முடிவுகள்

போன மாதம் எனக்கே பரிசோதனை நடந்தது. பெரம்பலூரில் நான் குடியிருக்கும் தெருவுக்கு அடுத்த தெருவில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்க முகாம் போட்டிருந்தார்கள். முப்பது வயதிலிருந்து அறுபத்தைந்து வரை எல்லாப் பெண்களும் வரலாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். எனக்கு அறுபத்தொன்று. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

முகாமில் இருந்த பெண் வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகியிருக்காது. என்னை உட்காரவைத்து, கையில் ஒரு சின்ன பிரஷ்ஷையும் மூடி போட்ட குழாயையும் கொடுத்தாள்.

"பயப்படாதீங்கம்மா. மொதல்ல எச்.பி.வி.ன்னு ஒரு வைரஸ் இருக்கான்னு பாப்போம். இருந்தா, அதே குழாயிலேர்ந்தே இன்னொரு டெஸ்ட் செய்வோம். மெத்திலேஷன்னு பேரு."

"அது என்னம்மா, புரியற மாதிரி சொல்லேன்" என்றேன்.

"உங்க வூட்டுல சுவிட்சு இருக்குல்லங்க? அது மேல ஒரு பிளாஸ்திரிய ஒட்டிட்டா போட முடியாதுல்ல? அது மாதிரி, கெட்ட செல்லு வளர விடாம தடுக்கிற ஜீன் மேல பிளாஸ்திரி ஒட்டியிருக்கான்னு பாக்கறதுதான் மெத்திலேஷன் டெஸ்ட். நெறைய ஒட்டியிருந்தா உடனே டாக்டரப் பாக்கணும். ஒட்டலேன்னா அவசரம் இல்ல."

நான் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓய்வு பெறும் நாள் வரை அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தவள் நான். இந்தப் பிளாஸ்திரி எனக்கு அப்போதே தோன்றியிருந்தால் எவ்வளவு மூச்சு மிச்சமாகியிருக்கும்! நான் எழுந்திருக்கும்போது உள்ளேயிருந்து வந்த பழைய நர்ஸ் ஒருவர், "ஐயோ, தேன்மொழி மேடம்!" என்று கூவிவிட்டார். அந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நல்லாத்தான் சொன்னே, மாத்திடாதே" என்றேன். அவள் விரல் இடுக்கு வழியாகப் பார்த்து, "அப்ப இது வர்றதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு நீங்க எழுதுங்க மேடம்" என்றாள். (என் முடிவு பிறகு வந்தது. ஒன்றுமில்லை.) அவள் கேட்டதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது கீழப்பழுவூர். திருச்சியில் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்தேன். படித்ததைவிட பஸ்ஸில் போனதும் வந்ததும்தான் அதிகம் நினைவிருக்கிறது. அரியலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. கர்ப்பப்பை வாயிலிருந்து சுரண்டி எடுத்த செல்களைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதற்குத் தயார் செய்வதுதான் என் வேலை. தகட்டைத் தடவிய கையோடு ஆல்கஹாலில் போட வேண்டும். காற்றில் காய்ந்தால் செல்கள் வீங்கி ஒன்றுக்கும் உதவாது. பிறகு ஒரு சாயத்தில் முக்கினால் செல்லின் நடுப்பகுதி ஊதாவாகும். அடுத்த சாயங்களில் சுற்றிலும் ஆரஞ்சும் பச்சையும் ஏறும். நன்றாக வந்த தகட்டைப் பார்த்தால் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன மாதிரி இருக்கும்.

தகட்டைப் படிப்பவர் டாக்டர் கமலவேணி. நோய்க்கூறு மருத்துவர். குட்டையான உருவம், பெரிய கண்ணாடி. நாற்காலியில் தலையணை போட்டு உட்கார்ந்தால்தான் மைக்ராஸ்கோப் எட்டும். பார்க்கும்போது வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டே இருப்பார். அது என்ன பாட்டு என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. முனகல் ஓடிக்கொண்டிருந்தால் தகட்டில் பிரச்சினை இல்லை. நின்றுவிட்டால், லேப்பில் எல்லோருடைய கையும் அப்படியே நிற்கும். சில சமயம் ஒரு நிமிஷம் கழித்து மறுபடி ஆரம்பிப்பார். எங்களுக்கு மூச்சு வரும். சில சமயம் ஆரம்பிக்கமாட்டார்.

கெட்ட சேதியைச் சொல்வதில் அவருக்கு ஒரு முறை இருந்தது. வந்தவரை உட்காரவைப்பார், தானும் உட்காருவார். சொல்ல வேண்டியதை ஒரே வாக்கியத்தில் சொல்வார். அப்புறம் பேசாமல் இருப்பார். அந்த அம்மா அழுதாலும், கோபப்பட்டாலும், சும்மா ஜன்னலைப் பார்த்தாலும், இவர் நகரமாட்டார். அவர்களாக முதல் கேள்வியைக் கேட்ட பிறகுதான் மீதியைத் தொடங்குவார். "நாம பேசிக்கிட்டே இருந்தா அவங்க காதுல விழாது, தேன்மொழி. ஒரு வாக்கியம் உள்ள போய் உக்கார எடம் வேணும்" என்பார்.

முகாம்களுக்கும் நாங்கள் போவோம். ரெட்டிபாளையத்தில் ஒரு தடவை மரத்தடியில் மேசை போட்டுத் தகடு தடவினோம். சாயம் ஏற்றிப் பார்த்தால் எல்லாத் தகட்டிலும் மணல் மணலாக ஏதோ மினுக்கியது. டாக்டர் முனகலை நிறுத்திவிட்டார். கண்ணை எடுக்காமலே, "ஊருக்கே ஒரே நோயான்னு பயந்துட்டேன். சுண்ணாம்புத் தூசி!" என்று சிரித்தார். சிமெண்ட் ஆலைப் பக்கம் மரத்தடி ஆகாது என்று அன்றைக்குத் தெரிந்தது. அந்தப் பெண்கள் அத்தனை பேரையும் மறுபடி அழைத்தோம். அவர்கள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

பிறகு வினிகர் மாதிரியான அமிலத்தைத் தடவி, வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று கண்ணாலேயே பார்க்கும் முறை வந்தது. அதற்கப்புறம் வைரஸைத் தேடும் பரிசோதனை வந்தது. அதில் ஒரு பெரிய வசதி, பெண்கள் தாங்களே மறைவாகப் போய் மாதிரி எடுத்துத் தரலாம். படுக்கவைத்துப் பார்ப்பார்களே என்று கூசி வராதவர்கள்கூட வந்தார்கள். ஆலத்தியூரில் ஒரு அம்மா பிரஷ்ஷை வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டு, ரொம்ப நேரம் கழித்து வந்தார். பிரஷ் பளிச்சென்று இருந்தது.

"அழுக்கா எப்புடிம்மா குடுக்கிறது? சோப்புப் போட்டுக் கழுவிக் கொண்டாந்திருக்கேன்" என்றார்.

இன்னொரு பிரஷ் கொடுத்து அனுப்பினோம்.

ஆனால் வைரஸ் பரிசோதனையில் ஒரு சங்கடம். இந்த வைரஸ் மிகச் சாதாரணமாகப் பரவக்கூடியது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாமலே தானாகப் போய்விடும். சிலருக்கு மட்டும் வருஷக்கணக்கில் தங்கி, செல்களை மாற்றி, புற்றுநோய் வரை கொண்டுபோகும். வைரஸ் இருக்கிறது என்று மட்டும் சொன்னால், போகப்போகும் வைரஸா, தங்கப்போகும் வைரஸா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முடிவைக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பயந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெரம்பலூருக்கு மாற்றல். டாக்டர் எனக்கு முன்பே அங்கே போயிருந்தார். ஓர் ஆய்வுத் திட்டத்தில் மெத்திலேஷன் பரிசோதனையை எங்கள் லேப்பில் தொடங்கினார்கள். வேலை இப்படி: குழாயில் இருக்கும் செல்களிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்க வேண்டும். அதில் பைசல்ஃபைட் என்ற உப்பைச் சேர்த்துச் சூடாக்க வேண்டும். டி.என்.ஏ.வில் உள்ள சைட்டோசின் என்ற எழுத்தை அது வேறு எழுத்தாக மாற்றிவிடும். ஆனால் மெத்தில் என்ற அந்தப் பிளாஸ்திரி ஒட்டியிருக்கும் சைட்டோசினை மட்டும் அதனால் தொட முடியாது. அப்படியே நிற்கும். அப்புறம் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். மெஷினில் போட்டு, மாறாமல் நிற்கும் இடங்களைத் தேடுவோம். இருந்தால் திரையில் ஒரு கோடு மெல்ல மேலே வளைந்து ஏறும். இல்லையென்றால் தரையோடு படுத்திருக்கும். கூடவே இன்னொரு கோடும் உண்டு. மாதிரியில் போதுமான டி.என்.ஏ. இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அது ஏறாவிட்டால் எந்த முடிவும் செல்லாது. அந்த உப்பு டி.என்.ஏ.வைத் துண்டுதுண்டாகவும் உடைக்கும் என்பதால் சூடு கொஞ்சம் அதிகமானாலும் போச்சு, நடுவில் கரண்ட் போனாலும் போச்சு. ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டால்தான் நான் சாப்பிடப் போவேன்.

திட்டம் தொடங்கிய முதல் வருஷம் வந்தவர்தான் மும்தாஜ். லப்பைக்குடிக்காடு. முப்பத்திரண்டு வயது. கணவர் சாதிக் வளைகுடாவில் கடை வைத்திருந்தார். கல்யாணமாகிச் சில வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை, ஒருமுறை தரித்துக் கலைந்துவிட்டது. அவரை அழைத்துவந்தது மாமியார் ஜமீலா பீவி. வெள்ளைத் துப்பட்டி, உரத்த குரல், உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிடுவார்.

வேறோர் ஊரில் மும்தாஜுக்கு வைரஸ் இருப்பதாகச் சொல்லி, சதையைக் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, மாற்றம் இருக்கிறது, கர்ப்பப்பையையே எடுத்துவிடுவது நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"எடுத்துட்டா எம்மருமவளுக்குப் புள்ள எப்புடிம்மா பொறக்கும்? அதான் இன்னொரு எடத்துல கேப்போம்னு இழுத்துக்கிட்டு வந்தேன்" என்றார் ஜமீலா பீவி.

மும்தாஜ் போனை இறுக்கிப் பிடித்திருந்தார். அது அடித்தது. சாதிக், வீடியோவில். வணக்கம் சொன்ன கையோடு டாக்டரிடம் கேட்டார்.

"டாக்டர், இது புருஷன் பொஞ்சாதிக்குள்ள வர்ற வைரஸ்னு நெட்ல போட்டிருக்கு. நான் ரெண்டு வருஷமா ஊருக்கு வரல. அப்ப இது எப்படி வந்துச்சு?"

மும்தாஜின் முகம் வெளுத்துப்போனது. ஜமீலா பீவி போனைப் பிடுங்கப் போனார். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தம்பி, இது உடம்புல பல வருஷம் சத்தமில்லாம இருக்கும். எப்ப வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. யாருகிட்டேர்ந்து வந்துச்சுன்னும் சொல்ல முடியாது. உங்ககிட்டேர்ந்தே வந்திருக்கலாம், உங்களுக்கே தெரியாம. இத வெச்சு யாரையும் சந்தேகப்பட வழியே இல்ல."

அந்தப் பக்கமிருந்து "சரிங்க டாக்டர்" என்று ஒரு குரல் வந்தது. நம்பிய குரலாக அது எனக்குப் படவில்லை. போன் அணைந்ததும் மும்தாஜ் முதல்முறையாகப் பேசினார். "அவரு மனசுல இருந்ததக் கேட்டுட்டாரு. நல்லதுதான்."

டாக்டர் முன் இருந்த சிக்கல் சிறியதல்ல. பழைய சதைத் தகட்டை வரவழைத்துப் பார்த்தார். மாற்றம் நடுத்தரமானது. அந்த வகை, இளம் வயதில், பல சமயம் தானாகச் சரியாகிவிடும். சில சமயம் ஆகாது. கர்ப்பப்பையை எடுக்க அவசியமே இல்லை. திட்டு இருக்கும் இடத்தை மட்டும் வெட்டி எடுக்கலாம். ஆனால் அப்படி எடுத்தால், பிறகு குழந்தை மாதம் முடியுமுன் பிறக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஏற்கெனவே ஒன்றைப் பறிகொடுத்தவர். காத்திருந்து தவறிப்போனாலோ, நோய் முற்றும்.

"மெத்திலேஷன் போடு" என்றார் என்னிடம்.

போட்டேன். முதல் தடவை சாட்சிக் கோடே ஏறவில்லை. மாதிரியில் செல்கள் போதவில்லை. அவர்களை மறுபடி வரச்சொல்லிப் போன் செய்தேன். ஜமீலா பீவி, "அப்ப கெட்டதாம்மா?" என்று கேட்டார். "கெட்டதும் இல்ல, நல்லதும் இல்ல. ஒண்ணுமே தெரியல. அதான் கூப்பிடுறேன்" என்றேன். மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்து நின்றார்கள்.

இரண்டாம் முறை மெஷினைவிட்டு நான் நகரவில்லை. சாட்சிக் கோடு எழுந்து மேலே போனது. மெத்திலேஷன் கோடு படுத்தே கிடந்தது. கடைசிவரை படுத்தே கிடந்தது. டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் திரையை வந்து பார்த்து, மறுபடியும் பார்த்து, அப்புறம் மெல்ல முனக ஆரம்பித்தார்.

மும்தாஜை உட்காரவைத்துச் சொன்னார். "வெட்டாம பொறுத்துப் பாக்கலாம்." பிறகு வழக்கம்போல அமைதி.

கேள்வி வந்தது மும்தாஜிடமிருந்து. "பொறுத்துப் பாக்கலாம்னா, சரியாயிடும்னு அர்த்தங்களா?"

"இல்லம்மா. சரியாக நல்ல வாய்ப்பு இருக்குன்னு அர்த்தம். ஆறு மாசத்துக்கு ஒரு தரம் நீ வந்தே ஆகணும். வரலேன்னா இந்த முடிவுக்கு மதிப்பே இல்ல."

அங்கேதான் அடுத்த முடிச்சு. சாதிக் மனைவியை அழைத்துக்கொள்ள விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். இத்தனை வருஷமாக மும்தாஜ் எதிர்பார்த்துக்கொண்டிருந்த விசா. அங்கே இந்தப் பரிசோதனை எங்கே கிடைக்கும், யார் தொடர்ந்து பார்ப்பார்கள் என்று ஒன்றும் தெரியாது. முடிவெடுக்க ஒரு வாரம் கேட்பார் என்று நினைத்தேன். அவர் அங்கேயே போனை எடுத்தார்.

"மச்சான், நான் இப்ப வரல. இது போனப்புறம் வரேன். உங்களுக்குப் பாக்கணும்னா நீங்க வாங்க."

சொல்லிவிட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கே ஆச்சரியம் இருந்தது. ஜமீலா பீவி, "பாத்தீங்களாம்மா, ஊமை மாதிரி இருந்துக்கிட்டு எப்புடிப் போட்டா பாருங்க!" என்று பெருமையாக என் தோளில் ஒரு தட்டு தட்டினார். வலித்தது.

சாதிக் லீவில் வந்தார். ஆறு மாதத்தில் திட்டு சிறுத்திருந்தது. அடுத்த ஆறு மாதத்தில் திட்டும் இல்லை, வைரஸும் இல்லை. மூவரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் சொன்னதும் சாதிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜமீலா பீவி "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க எங்க கெளம்பிட்டீங்க?" என்றார் டாக்டர். "எத்தன தடவ வந்துட்டீங்க, நீங்க டெஸ்ட் குடுத்தீங்களா?"

"எனக்கென்னம்மா இனிமே? வயசு அம்பத்தெட்டாச்சு. சாதிக்கோட அத்தா மவுத்தாகி எத்தன வருஷமாச்சு" என்றார், இறந்துபோன கணவரைச் சொல்லி.

மும்தாஜ் பிரஷ்ஷை எடுத்து மாமியார் கையில் வைத்தார். "மாமி, என்னய எத்தன தடவ பஸ்ஸுல ஏத்துனீங்க? உள்ள போங்க."

மாமியார் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அடுத்த தொகுப்பில் அவருடைய குழாயும் இருந்தது. வைரஸ் இருந்தது. சரி, பலருக்கும் இருக்கும் என்று மெத்திலேஷனுக்குப் போட்டேன். இரண்டு கோடுகளும் ஏறின. மெத்திலேஷன் கோடு சீக்கிரமே ஏறியது, செங்குத்தாக ஏறியது. நிறைய ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். மறுபடி போட்டேன். அதேதான். டாக்டரைக் கூப்பிட எழுந்தேன், அதற்குள் அவராகவே வந்து என் பின்னால் நின்றார். முனகல் இல்லை.

அமிலம் தடவிப் பார்த்த மகளிர் மருத்துவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வழவழவென்று சுத்தமாக இருந்தது. மாதவிடாய் நின்ற பிறகு, மாற்றம் வரும் இடம் உள்ளே ஏறிப் போய்விடும். கண்ணுக்குத் தெரியாது. பழைய நாளாக இருந்தால், "நல்லா இருக்கீங்க, போயிட்டு வாங்க" என்று அனுப்பியிருப்போம். டாக்டர் விடவில்லை. உள்ளிருந்து கூம்பு போல ஒரு துண்டை எடுக்கச் சொன்னார்.

அதற்குமுன் ஜமீலா பீவியிடம் சொல்ல வேண்டும். உட்காரவைத்தார். "உங்களுக்கு இது பொறுக்கக் கூடிய முடிவு இல்லம்மா" என்றார். பேசாமல் இருந்தார்.

அவ்வளவு பேசும் ஜமீலா பீவி ரொம்ப நேரம் வாயைத் திறக்கவில்லை. மும்தாஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சாதிக் சுவரோரம் நின்றார். பிறகு அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, எனக்கும் அதே வைரஸாம். உம் பொஞ்சாதியக் கேட்டியே, எப்புடி வந்துச்சுன்னு. இப்ப என்னயக் கேளு. ஒங்க அத்தா கபர்க்குழிக்குப் போயி அவருகிட்டயும் கேளு!"

சாதிக்குக் காது சிவந்துவிட்டது. "அம்மா..." என்றார். மும்தாஜ் பக்கம் திரும்பி, எங்கள் எல்லோர் முன்னாலும், "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். மும்தாஜ் அழவில்லை, சிரித்துவிட்டார். அப்புறம் அந்த அம்மாவும் சிரித்தார், டாக்டரும் சிரித்தார். கெட்ட சேதி சொன்ன அறையில் அப்படி ஒரு சிரிப்பை என் வேலைக்காலத்தில் நான் கேட்டதில்லை.

எடுத்த துண்டைச் சீவிச் சாயம் ஏற்றிக் கொடுத்தேன். புற்றுநோய்க்கு முந்தைய கடைசிப் படி. அதைத் தாண்டியிருக்கவில்லை. வெட்டிய ஓரங்கள் எல்லாம் சுத்தம். அதாவது, எடுத்ததிலேயே முழுவதும் வந்துவிட்டது. டாக்டர் ஓரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசி ஓரத்தில் கொஞ்சம் சத்தமாகவே முனகினார்.

மும்தாஜ் அதற்குப் பிறகுதான் விசாவில் போனார். மாமியாரின் அடுத்த பரிசோதனையும் நல்லபடியாக முடிந்த பிறகுதான் போவேன் என்று பிடிவாதமாக இருந்தார். அங்கே அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. மாதம் முடிந்துதான் பிறந்தது. போட்டோவை முதலில் டாக்டருக்கு அனுப்பினாரா எனக்கு அனுப்பினாரா என்று எங்களுக்குள் இன்னும் தகராறு.

நான் ஓய்வு பெற்ற நாளில் மதியம் மூன்று மணிக்குப் பிரிவு உபசார விழா வைத்திருந்தார்கள். மாலை, கேக், டாக்டர் பேசுவதற்கு ஒரு மைக், எல்லாம் தயார். இரண்டரைக்கு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவைத் திறந்துகொண்டு ஜமீலா பீவி இறங்கினார். அவர் பின்னால் லப்பைக்குடிக்காட்டுப் பெண்கள் இறங்கிக்கொண்டே இருந்தார்கள். அவருடைய நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர், எதிர் வீட்டுக்காரர், எழுபது வயதை எட்டிப்பார்க்கும் ஒருவர்கூட.

"தேனும்மா, இன்னிக்கோட நீங்க போறீங்களாம்ல? அதான் எல்லாரையும் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். எல்லாருக்கும் நீங்களே பாத்துடுங்க."

"இன்னிக்கு விழாம்மா" என்று யாரோ சொன்னார்கள்.

"விழா எங்க போவுது?" என்றார் டாக்டர். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கையுறையை மாட்ட ஆரம்பித்துவிட்டார்.

நான் குழாய்களுக்குப் பெயர் எழுதி ஒட்டினேன். ஜமீலா பீவி வரிசையின் முன்னால் நின்றுகொண்டு, பிரஷ்ஷை எப்படிப் பிடிப்பது, கழுவக் கூடாது, கூச்சப்படக் கூடாது என்று எல்லோருக்கும் உரக்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் யாருக்கும் பேச வேலையே வைக்கவில்லை. கடைசிக் குழாயை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாலை வாடிவிட்டது. டாக்டர் மைக்கைத் தொடவே இல்லை. கேக்கை வேனில் வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியிருந்தார்கள், எனக்கென்று ஒரு துண்டைத் தட்டில் மூடி வைத்துவிட்டு.